ஆஃப் பண்ணாதீங்க, அக்கா சிஸ்டம்

1

போன வாரம் மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். ஒவ்வொருவராக எழுந்து, இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்ன வேலை செய்தோம் என்று ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும். இறந்தகால வினைகள் பழகுவதற்காக. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிரியாக்கார இளைஞன் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்ததைச் சொன்னான். பக்கத்தில் இருந்த உக்ரைன் பெண் ஹோட்டலில் படுக்கை விரித்ததைச் சொன்னாள். வகுப்பில் வயதில் மூத்தவள் நான்தான். எழுந்து, "சென்னையில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இங்கிருந்தபடியே சரக்குக் கணக்கு பார்த்தேன்" என்றேன். வினைகள் சரியாக வந்துவிட்டன. ஆசிரியைக்கு மகிழ்ச்சி. "எப்போது வரை?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மொழி போதாததால் அல்ல. என் வேலை முடிந்துபோனதை எனக்குச் சொல்லாமலே முடித்திருந்தார்கள். நான் அதற்குப் பிறகும் வெகுகாலம் வேலை செய்துகொண்டிருந்தேன்.

இந்த இதழின் ஆசிரியர் முன்பு ஒருமுறை என்னிடம் எழுதச் சொல்லிக் கேட்டார். 'ஹனோவருக்குப் பக்கத்துச் சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு திருமுடிவாக்கத்துக் கம்பெனியை நடத்தும் பெண்' என்று தலைப்பும் அவரே வைத்திருந்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது நேரம் இருக்கிறது. என் அண்ணன் இதைப் படிக்க மாட்டார். இரும்புத் தகட்டின் விலையைத் தவிர அவர் வேறு எதையும் கண்ணாடி போட்டுப் படித்து நான் பார்த்ததில்லை.

2

எங்கள் வீடு அனகாபுத்தூரில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை. அங்கே அத்தா, என் அப்பா, ஒரு பட்டறை வைத்திருந்தார். மின்சார ஸ்விட்சுகளையும் மீட்டர்களையும் உள்ளே வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டிகள் செய்வார்கள். தகட்டை வெட்டி, மடக்கி, வெல்டிங் வைத்து, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து அனுப்புவது.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன். கடைசி வருடம் எல்லோரும் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றப் பெண்கள் நூலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதினார்கள். நான் அத்தாவின் பட்டறைக்கு எழுதினேன். எத்தனை பெட்டி செய்தோம், சரக்கு வாங்கும் எந்தப் பார்ட்டிக்கு எத்தனை போனது, கிடங்கில் மீதி எத்தனை. அவ்வளவுதான். கல்லூரியில் அதற்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. ஆனால் அத்தா அதைப் பட்டறைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். போட்ட நாளிலிருந்து அதில்தான் எல்லாம் நடந்தது. படிப்பு முடிந்து கல்யாணம் ஆகும்வரை நான் தினமும் பட்டறை ஆபீசில் உட்கார்ந்தேன். அத்தா போன பிறகு அன்வர் அண்ணன் பொறுப்பெடுத்தார். எனக்கு யூசுப் மாப்பிள்ளையாக வந்தார். அவருக்கு ஜெர்மனியில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மகள் சமீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. காலையில் கணவர் போவார். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். குழந்தை அழுதால் எழுவேன்.

அப்போதுதான் ஒருநாள் அண்ணன் போனில், "உன் சாஃப்ட்வேர் என்னமோ மக்கர் பண்ணுதும்மா. பசங்க என்ட்ரிய தப்புத் தப்பா போடுறானுங்க. நீ அங்கேர்ந்து பாக்க முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. அதுவரை புரோகிராமும், பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸும் ஒரே அறையில், ஒரே வயரில் இருந்தன. இப்போது புரோகிராம் என் மடிக்கணினியில், டேட்டாபேஸ் திருமுடிவாக்கத்தில். நடுவில் எத்தனை நாடுகள் என்று யோசித்தால் பயமாக இருந்தது. பட்டறைக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் குரோம்பேட்டை பிரபுவைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, ரவுட்டர்ல ஒரு போர்ட் தொறக்கணும். தொறந்தா கண்டவனும் உள்ள வருவான். அதனால உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஒரு தனி வழி போட்டுத் தரேன். முதல்ல அந்த வழில வாங்க, அப்பால டேட்டாபேஸ தட்டுங்க."

இரண்டு வாரம் போராடினோம். என் திரையில் ஒரு சின்னப் பெட்டி. சர்வர் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்ட். எல்லாவற்றையும் நிரப்பி 'கனெக்ட்' அழுத்தினால் அரை நிமிடம் சுற்றிவிட்டு, சர்வரை அடைய முடியவில்லை என்று சொல்லும். அந்தப் பக்கம் பிரபு ஒவ்வொன்றாக மாற்றுவார். ஃபயர்வால் தடுத்தது. அதை எடுத்தோம். சர்வர் உள்ளூர் ஆட்களை மட்டும்தான் விடுவேன் என்றது. அந்த அமைப்பை மாற்றினோம். அடுத்து பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது. பிரபு போனிலேயே சிரித்தார். "அக்கா, பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுதுன்னா, வூட்டு வாசலுக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம்."

மறுநாள் காலை 'கனெக்ட்' அழுத்தினேன். பெட்டி மறைந்தது. பார்ட்டிகளின் பெயர்ப் பட்டியல் மேலிருந்து கீழாகக் கொட்டியது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர், ஒரகடம், பம்மல். நான் தட்டச்சு செய்திருந்த எழுத்துப்பிழைகளோடு அப்படியே. சமீராவைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன்.

3

பட்டறை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். இங்கே குளிர்காலத்தில் அப்போது மணி ஐந்து. ஐந்துக்கு எழுந்து, தேநீர் போட்டு, சமையலறை மேசையில் உட்காருவேன். சில வருடங்கள் கழித்துப் பட்டறையில் தீபா என்று ஒரு பெண் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தாள். சரக்கோடு போகும் டெலிவரி சலான்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவாள். நான் பார்த்துப் பார்த்துப் பதிவேன். எண்ணிக்கை இடித்தால் கேட்பேன். மதியம் வரை அதுவே சரியாக இருக்கும்.

சமீரா வளர்ந்தாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் பட்டறை மும்முரமாக இருக்கும் நேரமும் ஒன்று. முதலில், "அம்மா, ரொட்டி" என்று தமிழில் கேட்பாள். "கொஞ்சம் இரு, ஒரு வண்டி கிளம்புது" என்பேன். பிறகு ஜெர்மன் மொழியில் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, தானே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொள்ளப் பழகினாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஊருக்குப் போன் செய்து சொன்னேன். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. தமிழில் பேசினால் அவளுக்குப் புரிகிறது. பதில் தமிழில் வருவதில்லை. அவளோடு பேசக் கிடைத்த காலைகளை நான் எங்கே செலவழித்தேன் என்று கணக்கு கேட்டால் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பெட்டியையும் பதிந்திருக்கிறேன்.

நாலைந்து வருடங்களுக்கு முன் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. வயதான ஓர் அம்மையார். பொறுமையானவர். மரச்சாமான் கிடங்கு ஒன்றின் ஆபீசில் ஆள் தேடுகிறார்கள், பயிற்சியும் அவர்களே தருவார்கள், கம்ப்யூட்டரில் சரக்குக் கணக்கு, உங்களுக்கு ஏற்றது என்றார். காலை ஏழரை முதல் மதியம் வரை. அதே காலை.

நான் "இஷ் பின் பெஷெஃப்டிக்ட்" என்றேன். எனக்கு ஏற்கனவே வேலை இருக்கிறது என்று நினைத்துச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். வேலையில் இருக்கிறேன் என்பது ஒன்று. எனக்கு நேரமில்லை என்பது இன்னொன்று. அந்த அம்மையார் இரண்டாவதை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகம் சுருங்கியது. ஏதோ தட்டச்சு செய்தார். கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

போன வருடம் அதே அலுவலகத்துக்கு நானாகப் போனேன். அந்த அம்மையார் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் ஓர் இளைஞன். திரையில் என் பெயரைத் தேடி எடுத்துப் படித்தான். "வேலையில் ஆர்வம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களே" என்றான். அவர்களுடைய டேட்டாபேஸில் நான் பத்திரமாக இருந்தேன். மரச்சாமான் கிடங்கைப் பற்றிக் கேட்டேன். இப்போது அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் மொழிச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றான். இந்த வகுப்பில் நான் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

4

சர்வரை மாற்றியதைச் சொல்ல வேண்டும்.

சமீரா பள்ளியில் சேர்ந்த வருடம், பிரபு போன் செய்தார். "அக்கா, பழைய மெஷின் தாங்கல. வேற சர்வர் போடுறோம். புது முகவரி மெசேஜ் பண்றேன், கனெக்‌ஷன் பெட்டியில அத மட்டும் மாத்திக்குங்க. பாஸ்வேர்ட் அதேதான்."

மாற்றினேன். என் கையால்தான் தட்டினேன். உடனே இணைந்தது. அதுவரை பார்ட்டி பட்டியல் வர ஒரு மடக்குத் தேநீர் குடிக்கும் நேரம் ஆகும். இப்போது அழுத்தியதும் வந்தது. பிரபுவைப் பாராட்டினேன். அவர் என்னவோ போல, "சரிங்கக்கா" என்றார்.

அன்று அண்ணனும் பேசினார். "இனிமே என்ட்ரி ஃபுல்லா நீதாம்மா. இங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. தப்பு வந்தா உன்னத்தான் கேப்பேன்" என்று சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை யூசுப்பிடம் சொன்னேன். அவர் "ரொம்ப நல்லது" என்றார். இங்கே உள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் சொன்னேன். இந்த இதழின் ஆசிரியர் காதுக்குப் போனது அப்படித்தான்.

அதற்குப் பிறகு பட்டியலில் என் பதிவுகளைத் தவிர வேறு யாருடைய பதிவும் இருக்காது. அண்ணன் சொன்னபடிதான் நடக்கிறது என்று நினைத்தேன். அவ்வப்போது ஏற்கனவே பதிந்த சலான் எண் மறுபடியும் வரும். தீபாவிடம் கேட்டால், "சாரிக்கா, நம்பர் மிஸ்டேக்" என்று பதில் போடுவாள். ஒரே ஒரு கட்டளை தட்டியிருந்தால், அந்த டேட்டாபேஸில் அந்த நேரத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டியிருக்கும். அது எனக்குத் தெரியாத கட்டளை அல்ல. சொந்த வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யாராவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்களா?

5

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று போன வருடம் ஊருக்குப் போனோம். குரோம்பேட்டையில் மண்டபம். அண்ணன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சம்பந்திகளிடம் அறிமுகம் செய்தார். "என் தங்கச்சி ஜரீனா. நம்ம கம்பெனிய ஓட்றதே இவதான், ஜெர்மனியில உக்காந்துக்கிட்டு." மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்று சலாம் சொன்னார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். சமீரா போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து யூசுப்பும் சமீராவும் முன்னதாகவே திரும்பிவிட்டார்கள். பள்ளி திறந்துவிட்டது. நான் மட்டும் சில நாட்கள் தங்கினேன். பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். "அங்க என்னம்மா இருக்கு, தூசியும் சத்தமும். அப்பறம் போலாம்" என்றார். அப்புறம் அப்புறம் என்று தள்ளிப் போனது. நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிருந்தார். நான் ஆபீஸ் ஆட்களுக்கென்று வாங்கி வந்த சாக்லேட் பையை எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன்.

பட்டறை வாசலில் சூப்பர்வைசர் ஒரு ஃபிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் என்னைத் தெரியாது.

"இன்னாய்யா, டெய்லி இந்த நேரத்துக்கு வந்துகினு கீறே? இன்னொரு வாட்டி லேட்டா வந்தேன்னு வெச்சுக்க, ஒரு வாரம் அக்கா டூட்டி போட்டுடுவேன்."

"வாணாம்ண்ணே. அது பெரிய பேஜாரு. வெல்டிங்கே அடிக்கிறேன்."

யாரோ கூட்டிப் பெருக்கும் அம்மா போலிருக்கிறது, அவளுக்கு உதவிக்கு அனுப்புவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஆபீசில் மூன்று பேர். படத்தில் பார்த்ததைவிடத் தீபா ஒல்லியாக இருந்தாள். பெயர் சொன்னதும் எழுந்து நின்றாள். "ஜெர்மனி அக்காவா?" என்றாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாக்லேட் கொடுத்தேன். நலம் விசாரித்தேன். பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சிங்கப்பெருமாள் கோவில் பார்ட்டி சலான்ல ரெண்டு பெட்டி குறையுதுன்னு மெசேஜ் போட்டிருந்தேனே, பாத்தியாம்மா?"

"பாத்தேன்க்கா."

"சிஸ்டத்த தொற. எங்க குறையுதுன்னு காட்டுறேன்."

அவள் திறக்கவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைத் தொட்டேன். திரையில் இருந்தது என் புரோகிராம் இல்லை. இன்டர்நெட்டில் ஓடும் வேறு ஏதோ. வண்ண வண்ணமாக வட்டங்கள், அன்றைய சரக்கு, வண்டி எங்கே போகிறது என்று வரைபடம். மேலே தீபாவின் பெயர்.

"நம்ம சாஃப்ட்வேர் எங்க?"

"அத எடுத்து ரொம்ப நாளாச்சுக்கா. எல்லாம் இதுலதான்."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்த கொஞ்ச நாள்லயே மாத்திட்டாங்க."

"அப்போ நான் போடுறதெல்லாம்?"

மற்ற இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போனார். தீபா சாக்லேட் பொட்டலத்தைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பாவம் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் முகத்தில் இருந்தது சலிப்பு.

"அக்கா, கோச்சுக்காதீங்க. டெய்லி போட்டோ புடிச்சு உங்களுக்கு அனுப்பி, நீங்க கேக்குற டவுட்டுக்கெல்லாம் பதில் சொல்லி, எனக்கு அரை நாள் போயிடுது. என் வேலைய யார் பண்றது? சார்தான் அனுப்பச் சொன்னாரு. எங்களால முடியலேன்னா பட்டறை ஆளுங்க யாரயாச்சும் உக்கார வெச்சு அனுப்பச் சொல்லுவோம். புது சலான் இல்லாத நாள்ல பழசத்தான் எடுத்து அனுப்புவோம். நீங்க அதயும் கண்டுபுடிச்சுக் கேப்பீங்க."

வாசலில் கேட்ட பேச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா டூட்டி. அந்த அக்கா நான்.

"நான் தினமும் இணைக்கிறேனே, அது எங்க போய்ச் சேருது?" என்று கேட்டேன். தீபா பெயின்ட் வைக்கும் அறையைக் காட்டினாள்.

பெயின்ட் டின்களுக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூல். அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. திரை இல்லை, கீபோர்டு இல்லை. மின்சார வயரும் நெட்வொர்க் வயரும் மட்டும். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம். மேலே யாரோ சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள், சூட்டுக்காக இருக்கும். முன்பக்கம் செலோ டேப் போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'ஆஃப் பண்ணாதீங்க. அக்கா சிஸ்டம்.'

அங்கே நின்றபடியே பிரபுவுக்குப் போன் செய்தேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

"அண்ணன் சொன்னாருக்கா. பழைய டேட்டாவ ஒரு காப்பி எடுத்து, தனியா ஒரு மெஷின்ல போட்டு, அக்காவுக்கு மட்டும் அட்ரஸ் குடுத்துடுன்னாரு. வேற யாரும் அதுல இல்ல. அதான் ஃபாஸ்ட்டா கீது. நீங்க ஃபீல் பண்ணாதீங்கக்கா. மாசம் ஒரு வாட்டி வந்து தூசிகூட தட்டிகினுதான் கீறேன்."

ஆபீசுக்குத் திரும்பினேன். "நான் வந்தது சாருக்குத் தெரிய வேணாம்" என்றேன். தீபாவின் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது. விஷயம் வெளியே வந்தால் பழி அவள் மேல்தான் விழும் என்று பயந்திருக்கிறாள். "சத்தியமா சொல்ல மாட்டோம்க்கா" என்றாள். நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, அப்போ நாளைக்கு போட்டோ அனுப்பணுமா?"

"சார் என்ன சொல்லியிருக்காரோ அதச் செய்" என்றேன்.

அன்று மாலை அண்ணன் எனக்காகப் பல்லாவரத்திலிருந்து இனிப்பு வாங்கி வந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழுதுவிடுவார். அவர் அழுதால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அன்று அந்தத் தெம்பு இல்லை.

6

வீடு வந்து சேர்ந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில் யூசுப்பிடம் சொன்னேன். வார்த்தைகளை விமானத்திலேயே சேர்த்து வைத்திருந்தேன். வேறு சாஃப்ட்வேர், பெயின்ட் அறை, காகிதம். அவர் அதிர்ச்சியடைவார், அண்ணன் மேல் கோபப்படுவார், நான் அவரைத் தணிக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மாத்துறதுக்கு முன்னாடியே உங்கண்ணன் என்கிட்ட கேட்டான். நிறுத்திடவான்னான். நான்தான் வேணாம், அப்படியே ஓடட்டும்னேன்."

"ஏங்க?"

"முதல் வருஷம் நீ எப்படிக் கிடந்தேன்னு உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. காலைல எழுந்திரிக்க உனக்கு ஒரு காரணம் வேணும்ல."

"எனக்கு இங்கயே வேலை வந்துச்சு. மரச்சாமான் கிடங்குல. அதுக்காக அத வேணாம்னேன்."

"அதெல்லாம் உனக்கு ஒத்து வந்திருக்காது ஜரீனா. உன் பாஷைக்கு இங்க யாரு வேலை குடுப்பா?"

அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. சாதம் போதுமா என்று கேட்கும் குரலில் சொன்னார்.

சமீரா தண்ணீர் எடுக்க வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்து என்னவென்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். யூசுப் ஜெர்மன் மொழியிலேயே வேகமாக விளக்கினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அவள் குவளையை நிரப்பிக்கொண்டே முழுவதும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அப்படியென்றால் நீ காலையில் எனக்கு ரொட்டி செய்து கொடுத்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னாள். தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பழக்கத்தில் ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. தேநீர் போட்டேன். மடிக்கணினியைத் திறந்து 'கனெக்ட்' அழுத்தினேன். அழுத்தியதும் பட்டியல் வந்தது. பெயின்ட் டின்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அழித்தேன். முதலில் டெலிவரிகளை. பிறகு கிடங்கு இருப்பு. பிறகு பார்ட்டிகள். அழிக்கும் முன் இரண்டு தடவை உறுதியா என்று கேட்கும்படி கல்லூரியில் நானே எழுதிவைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். முடிந்த பிறகு புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நான் வரைந்த கட்டங்கள் அப்படியே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று இன்னமும் ஓர் ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. ஊரில் பட்டறை வேலை சூடுபிடிக்கும் நேரமானது. போன் அதிர்ந்தது. தீபா. ரோஜாப்பூப் படத்தோடு 'குட்மார்னிங் அக்கா'. அதற்குக் கீழே அன்றைய சலான்கள், ஒன்றன்பின் ஒன்றாக. மறுநாளும் அனுப்பினாள். அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அண்ணன் வழக்கம்போல் கூப்பிட்டார்.

"எப்படிம்மா இருக்கே? ஊருக்குப் போய்ச் சேந்ததும் வேலைல உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்ண்ணா."

"நீ ஒருத்தி இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியலம்மா. நேத்துகூடப் பாரு, ஒரு பார்ட்டி வந்து சரக்கு வரலேன்னு ஒரே சண்ட. நீ போட்ட என்ட்ரிய எடுத்துக் காட்டினேன். வாயத் தொறக்காம போனான்."

"கம்ப்யூட்டர்லயே காட்டினீங்களாண்ணா?"

"ஆமாம்மா. தேதி, எத்தன பெட்டி, யாரு கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க, எல்லாம் கரெக்ட்டா இருந்துச்சு. உன் வேலையில என்னிக்கும்மா தப்பு வந்திருக்கு?"

அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பின்னால் தகடு வெட்டும் சத்தம் கேட்டது.

"நல்லதாப் போச்சுண்ணா" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சமீராவுக்குச் சலாம் சொல்லச் சொன்னார். இரும்பு விலை ஏறிவிட்டது என்று கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுப் போனை வைத்தார்.